ஜாவாவில் ஒரு பங்காளிச் சண்டை

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. "கம்ப்யூட்டர் விஷயமா ஏதாவது எழுது தம்பி. ஆனா சிவில்காரங்களுக்கும் புரியணும்" என்று நிபந்தனை. ஒப்புக்கொண்டுவிட்டேன். எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது நான் செய்த ஒரு தவறிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று. ஆகவே முதலில் அந்தத் தவறு, பிறகு அதன் பின்னால் இருக்கும் ஐம்பது வருட சரித்திரம்.

2015 ஜூன் 1-ஆம் தேதி சேவை வரி 12.36 சதவீதத்திலிருந்து 14 சதவீதமாக உயர்ந்தது. அப்போது நான் சென்னையில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் வேலை செய்துகொண்டிருந்தேன். வாடிக்கையாளர்களுக்கு பில் போடுவது, கணக்கு வைப்பது, ரிப்போர்ட் எடுப்பது, இதெல்லாம் எங்கள் சரக்கு. எல்லாம் ஜாவாவில் எழுதியது. பில் ஒரு மாட்யூல், லெட்ஜர் ஒரு மாட்யூல். இரண்டுக்கும் பொதுவான சங்கதிகளை 'காமன்' என்ற ஒரு ஜாரில் போட்டு வைத்திருந்தோம். வரி விகிதமும் அதில்தான். ஒரே இடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாறிவிடும் என்பதுதானே பொதுவில் வைப்பதன் லாபம்?

மே 31 இரவு நான்தான் டூட்டி. காமன் ஜாரில் 12.36 என்பதை 14 ஆக்கினேன். பில்லின் அச்சு வடிவத்திலும் ஒரு சின்ன மாற்றம் இருந்ததால் பில் மாட்யூலையும் மறுபடி கம்பைல் செய்தேன். இரண்டு ஜாரையும் சர்வரில் மாற்றிவிட்டு, ஒரு பில் போட்டுப் பார்த்தேன். ஆயிரம் ரூபாய்க்கு 140 ரூபாய் வரி. சரி என்று வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டேன்.

மூன்றாம் தேதி காலை வாடிக்கையாளரின் கணக்காளர் கூப்பிட்டார். "சார், பில்லுல ஒரு வரி இருக்கு, லெட்ஜர்ல ஒரு வரி இருக்கு. நான் எந்த வரியைக் கட்டணும்?"

லெட்ஜரில் ஆயிரத்துக்கு 123 ரூபாய் 60 காசு. பழைய வரி. காமன் ஜாரைத் திறந்து பார்க்கிறேன், 14 என்றுதான் இருக்கிறது. சர்வரை நிறுத்தி மறுபடி ஓட விடுகிறேன், அதே 123.60. இரண்டு மாட்யூலும் படிப்பது ஒரே ஜாரைத்தான். ஒன்றுக்குப் புதிது தெரிகிறது, மற்றதற்குப் பழையது தெரிகிறது. பேய் பிடித்த மாதிரி இருந்தது. மத்தியானம் வரை தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு, எங்கள் டீம் லீடர் அக்கா, "லெட்ஜர் க்ளாஸையே பிரிச்சுப் பாருப்பா" என்றார். ஜாவாவோடு கூடவே வரும் 'ஜாவாப்' என்ற கருவியால் பிரித்தேன். 12.36 என்ற எண் லெட்ஜரின் உள்ளேயே பதிந்து கிடந்தது! லெட்ஜர் காமன் ஜாரை வந்து கேட்கவே இல்லை. என்றைக்கோ கம்பைல் ஆனபோது கேட்டுத் தெரிந்துகொண்ட எண்ணைத் தன் மடியில் முடிந்துவைத்துக்கொண்டு, அதையே சொல்லிக்கொண்டிருந்தது.

கம்ப்யூட்டர் படிக்காத நண்பர்களுக்காக ஒரு வார்த்தை. நாம் எழுதும் ஜாவாவைக் கம்பைலர் 'க்ளாஸ் ஃபைல்' என்ற வடிவத்துக்கு மாற்றுகிறது. பல க்ளாஸ் ஃபைல்களை ஒன்றாகக் கட்டி வைக்கும் மூட்டைக்குப் பெயர்தான் 'ஜார்'. புரோகிராம் ஓடும்போது தேவையான க்ளாஸை ஜாரிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஆனால் மாறாதது என்று அறிவித்த எண்ணாக இருந்தால், கம்பைலர் அப்போதே அதை நகல் எடுத்து உள்ளே போட்டுவிடும். எதற்கு ஒவ்வொரு தடவையும் போய்க் கேட்பது என்ற நல்லெண்ணம்தான். நாங்கள் வரி விகிதத்தை 'மாறாதது' என்று அறிவித்திருந்தோம். இந்தியாவில்!

வெட்கக்கேடு என்னவென்றால் இது ரகசியமே அல்ல. ஜாவா மொழிக்கான அதிகாரபூர்வ இலக்கண நூலை ஜேம்ஸ் காஸ்லிங், பில் ஜாய், கை ஸ்டீல் மூவரும் 1996-இல் வெளியிட்டார்கள். அதன் 13-ஆம் அத்தியாயம் முழுவதும் இந்த விஷயம்தான்: ஒரு பகுதியை மட்டும் மாற்றிவிட்டு, அதைப் பயன்படுத்தும் மற்ற பகுதிகளைக் கம்பைல் செய்யாமல் விட்டால் எது தாங்கும், எது உடையும்? உண்மையிலேயே மாறாத எண்களைத் தவிர மற்றதையெல்லாம் இப்படி வெளியே வைக்காதீர்கள், உள்ளே மறைத்துவைத்து, கேட்டால் சொல்லும் ஒரு மெத்தடை எழுதுங்கள் என்று அதிலேயே புத்திமதி இருக்கிறது. நாம் ஜாவா லேபில் படித்தது முதல் ஏழெட்டு அத்தியாயம். 13-ஆம் அத்தியாயம் 'சிலபஸ்ல இல்ல'.

அதற்கப்புறம்தான் எனக்கு இந்தச் சரித்திரத்தில் பைத்தியம் பிடித்தது. பொதுவில் ஒன்றை வைப்பது, அதை மாற்றுவது, மாற்றியது எல்லாரையும் போய்ச் சேருவது. கேட்க எளிது. இந்த மூன்றையும் சேர்த்துச் செய்ய எத்தனை புத்திசாலிகள் எத்தனை வருடம் மோதியிருக்கிறார்கள் என்று பார்த்தால் ஒரு பெரிய பங்காளிச் சண்டை மாதிரியே இருக்கிறது.

1968 அக்டோபரில் ஜெர்மனியின் கார்மிஷ் என்ற ஊரில் நேட்டோ அமைப்பு ஒரு மாநாடு நடத்தியது. 'சாஃப்ட்வேர் இன்ஜினியரிங்' என்ற சொல்லைப் பிரபலப்படுத்திய மாநாடு அதுதான். அங்கே பெல் ஆய்வகத்தின் டக்ளஸ் மெக்கில்ராய் ஒரு கட்டுரை வாசித்தார். போல்ட்டு, நட்டு, ரெசிஸ்டர் எல்லாம் கேட்டலாக்கைப் பார்த்து வாங்குகிறோமே, மென்பொருளின் பாகங்களையும் ஏன் அப்படி வாங்க முடியாது என்பது அவர் கேள்வி. நாம் இன்னும் குடிசைத் தொழில் நிலையில்தான் இருக்கிறோம் என்று குறைப்பட்டுக்கொண்டார். நான்கு வருடம் கழித்து, 1972-இல் டேவிட் பார்னஸ் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு புரோகிராமை எப்படிப் பாகம் பிரிப்பது என்பது விஷயம். வேலை நடக்கும் வரிசைப்படி பிரிக்காதீர்கள், எந்தெந்த முடிவு நாளைக்கு மாறக்கூடும் என்று பாருங்கள், அப்படி மாறக்கூடிய ஒவ்வொரு முடிவையும் ஒவ்வொரு பாகத்துக்குள் ஒளித்துவையுங்கள் என்றார். நாங்களோ மாறக்கூடிய முடிவைத்தான் (சேவை வரி!) வாசலில் கோலம் போட்டு வைத்திருந்தோம்.

மெக்கில்ராய் கேட்டது பாகங்களை. பாகத்தின் அடுத்த பதிப்பு வந்தால் என்ன ஆகும் என்பது அப்போது பெரிய கவலையாக இல்லை. போல்ட்டு மாடல் மாறினாலும் ஏற்கெனவே பாலத்தில் முடுக்கிய போல்ட்டு அப்படியேதான் இருக்கும். மென்பொருள் அப்படி இல்லை. நீங்கள் கடையில் போல்ட்டை மாற்றினால், பத்து ஊரில் பாலத்தில் இருக்கும் போல்ட்டும் ராத்திரியோடு ராத்திரியாக மாறிவிடும். விண்டோஸ்காரர்கள் இதை 1990-களில் நன்றாகவே அனுபவித்தார்கள். புதிதாக ஒரு புரோகிராமை ஏற்றினால் அது பொது டிஎல்எல் ஒன்றை மேலெழுதிவிடும், நேற்று வரை நன்றாக ஓடிய வேறொரு புரோகிராம் படுத்துவிடும். அதற்கு 'டிஎல்எல் நரகம்' என்றே பெயர்.

ஜாவா வந்தது இந்தக் காலத்தில்தான். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1995 மே மாதம் அறிவித்தது. 1996 ஜனவரியில் முதல் பதிப்பு. 1997-இல் வந்த 1.1 பதிப்பில் 'ஜார்' பிறந்தது. ஜார் என்பது உண்மையில் ஜிப் ஃபைல்தான், கூட ஒரு விவரச்சீட்டு, அவ்வளவே. எந்தெந்த ஜார்களில் தேட வேண்டும் என்று வரிசையாகச் சொல்லும் பட்டியலுக்குப் பெயர் 'க்ளாஸ்பாத்'. நம் லேபில் புதிதாக வந்தவர்கள் முதலில் வாங்கும் அடி இந்த க்ளாஸ்பாத்திடம்தான். லேப் அசிஸ்டன்ட் அண்ணன் வந்து ஏதோ ஒரு வரியைத் தட்டிவிட்டுப் போவார், புரோகிராம் ஓடும். என்ன தட்டினார் என்று கேட்டால், "ஓடுதுல்ல, விடு" என்பார்.

க்ளாஸ்பாத்தின் சட்டம் ஒன்றே ஒன்று. ஒரே பெயரில் இரண்டு இருந்தால் பட்டியலில் முதலில் வருவதுதான் செல்லும். இரண்டாவதைப் பற்றி யாரும் மூச்சு விடமாட்டார்கள். பரீட்சைக்கு டிசைன் டேட்டா புக் கொண்டுபோன மெக்கானிக்கல் நண்பர்களுக்கு இது சட்டென்று விளங்கும். சீனியரிடம் வாங்கிய பழைய பதிப்பு மேலே இருக்கிறது, புதிய பதிப்பு கீழே இருக்கிறது. நீங்கள் மேலே இருப்பதைத்தான் புரட்டுவீர்கள். அதில் அந்த அட்டவணை வேறு பக்கத்தில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. விசேஷம் என்னவென்றால், ஜாவா ஒவ்வொரு க்ளாஸையும் தேவைப்படும்போதுதான் தேடும். காலையில் சர்வர் நன்றாகத் தொடங்கிவிடும். மத்தியானம் மூன்று மணிக்கு யாரோ ஒரு பட்டனை அழுத்தும்போதுதான் "அப்படி ஒரு மெத்தடே இல்லை" என்று விழும். கம்பைல் செய்தபோது இருந்ததே என்று நீங்கள் சத்தியம் செய்யலாம். இருந்தது உண்மைதான், வேறொரு ஜாரில். இதற்கு 'ஜார் நரகம்' என்று பெயர் வைத்தார்கள்.

சரி, பொதுவே வேண்டாம், ஆளுக்கு ஒரு பிரதி வைத்துக்கொள்வோம் என்று ஒரு கட்சி கிளம்பியது. 1999-இல் வந்த சர்வ்லெட் விதிகளின்படி, ஒவ்வொரு வலை அப்ளிகேஷனும் தனக்கு வேண்டிய ஜார்களைத் தன் அறைக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு அறைக்கும் தனித்தனி 'க்ளாஸ்லோடர்'. ஜாவாவில் ஒரு க்ளாஸின் அடையாளம் அதன் பெயர் மட்டுமல்ல, பெயரும் அதை ஏற்றிய லோடரும் சேர்ந்ததுதான். அண்ணன் மகனுக்கும் தம்பி மகனுக்கும் ஒரே தாத்தா பெயர் வைத்தாலும் ரேஷன் கார்டு வேறுதானே? இதனால் ஒரு வேடிக்கையான பிழை வரும். 'கஸ்டமரைக் கஸ்டமராக மாற்ற முடியாது' என்று. முதல் தடவை இதைப் பார்த்த ஜூனியர் பையன் ஒருவன் ஜாவாவுக்கே மூளை கலங்கிவிட்டது என்று முடிவு செய்து இன்ஸ்டலேஷனையே அழித்துவிட்டான். இரண்டு அறையில் இரண்டு பிரதி, பெயர் மட்டும் ஒன்று. அவ்வளவுதான் சமாச்சாரம்.

தனிக்குடித்தனம் நிம்மதியானது. ஆனால் பொதுச் சரக்கில் ஓட்டை என்று தெரிந்தால் இருபது வீட்டுக்கும் போய் மாற்ற வேண்டும். ஒன்றை மறந்தாலும் போச்சு. கூட்டுக்குடும்பத்தில் ஒருவர் செய்தது எல்லாரையும் பாதிக்கும். தனிக்குடித்தனத்தில் நல்ல செய்தி எல்லாருக்கும் போய்ச் சேராது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பிறகு வந்த ஒவ்வொருவரும் ஒரு வழி தேடியிருக்கிறார்கள்.

அவர்களில் எனக்கு மிகப் பிடித்தது ஓஎஸ்ஜிஐ. 1999 மார்ச்சில் சன், ஐபிஎம், எரிக்சன் போன்ற கம்பெனிகள் சேர்ந்து தொடங்கிய அமைப்பு. அவர்கள் நினைத்தது சர்வரை அல்ல. வீட்டில் வைக்கும் இணைப்புப் பெட்டிகளை. ஆயிரக்கணக்கான வீடுகளில் இருக்கும் பெட்டியை நிறுத்தாமல், தூரத்திலிருந்தே ஒரு பாகத்தை மட்டும் கழற்றி மாட்ட வேண்டும். ஆகவே ஒவ்வொரு ஜாரும் (அவர்கள் 'பண்டில்' என்பார்கள்) தன் விவரச்சீட்டில் எழுதி வைக்க வேண்டும்: எனக்கு இன்ன இன்ன பேக்கேஜ் வேண்டும், 1.2 முதல் 2-க்குக் கீழே எது இருந்தாலும் சரி. நான் வெளியே கொடுப்பது இவை, மற்றதெல்லாம் என் சொந்த விஷயம், தொடாதே. கல்யாணத்துக்கு ஜாதகம் பார்ப்பது போல, பண்டிலை வேலைக்கு விடும் முன்பே பொருத்தம் பார்க்கப்படும். பொருந்தாவிட்டால் அப்போதே சொல்லிவிடும், மத்தியானம் மூன்று மணி வரை காத்திருக்காது. ஒரே சரக்கின் இரண்டு வெர்ஷன் ஒரே நேரத்தில் பக்கத்துப் பக்கத்தில் ஓடவும் வழி உண்டு. 2004-இல் வந்த எக்ளிப்ஸ் 3.0 தன் ப்ளக்-இன் அமைப்பையே இதன் மேல் மாற்றிக் கட்டியது. அப்புறம் எக்ளிப்ஸைப் பயன்படுத்திய ஒவ்வொருவரும், நம் லேபில் நான் உட்பட, பெயர் தெரியாமலேயே ஓஎஸ்ஜிஐயைப் பயன்படுத்தியவர்கள்தான்.

இவ்வளவு நல்ல ஏற்பாடு ஏன் எல்லா இடத்திலும் பரவவில்லை? என் அபிப்பிராயம், அது உண்மை பேசச் சொன்னது. எனக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று ஒவ்வொருவரும் துல்லியமாக எழுதியாக வேண்டும். நம்மில் பெரும்பாலோருக்கு நம் புரோகிராமுக்கு என்ன வேண்டும் என்றே தெரியாது.

அந்த வேலையை நமக்காக வேறொருவர் செய்கிறேன் என்று வந்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? அப்படி வந்ததுதான் மேவன். அதற்கு முன்பு, 2000-இல் வந்த ஆன்ட் காலத்தில், 'லிப்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். தேவையான ஜார்களை எங்கெங்கிருந்தோ இறக்கி அதில் கொட்டிவிடுவோம். எது எந்த வெர்ஷன் என்று ஜாரின் பெயரில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் கடவுளுக்குத்தான் வெளிச்சம். மேவன் 1.0 2004-இலும், 2.0 2005-இலும் வந்தன. ஒவ்வொரு ஜாருக்கும் ஊர், பெயர், வெர்ஷன் என்று மூன்று பகுதி கொண்ட விலாசம். எல்லாம் ஒரு மத்தியக் கிடங்கில். ஒரு வெர்ஷன் அங்கே ஏறிவிட்டால் பிறகு அதை மாற்ற முடியாது, திருத்த வேண்டுமானால் புது எண்ணில்தான் வரவேண்டும். இந்த ஒரு விதி போதும், மேவனுக்குக் கோயில் கட்டலாம்.

2.0 கொண்டுவந்த பெரிய வசதி, நீங்கள் கேட்ட ஜாருக்கு என்னென்ன ஜார் தேவையோ, அவற்றுக்கு என்ன தேவையோ, எல்லாவற்றையும் தானே இழுத்துக்கொண்டு வந்துவிடும். மாப்பிள்ளையை அழைத்தால் சம்பந்தி வீட்டார் மட்டுமல்ல, அவர்கள் ஊர்க்காரர்களும் ஒரு பஸ்ஸில் வந்து இறங்குகிற மாதிரி. பத்து ஜார் எழுதினால் இருநூறு வரும். இருநூறில் ஒரே சரக்கை இரண்டு பேர் இரண்டு வெர்ஷனில் கேட்டால்? மேவனின் தீர்ப்பு: உங்களுக்கு உறவில் யார் கிட்டே இருக்கிறாரோ அவர் கேட்டதே செல்லும். எது புதியது என்று பார்ப்பதில்லை. எத்தனை தலைமுறை தள்ளி என்றுதான் பார்க்கும். தூரத்து உறவினர் புதிய வெர்ஷன் கேட்டிருந்தால் அவர் பாடு திண்டாட்டம்.

இதற்கு ஊர் அறிந்த உதாரணம் க்வாவா என்ற கூகுள் லைப்ரரி. (நம் கல்லூரி லைப்ரரி வேறு, இது வேறு. அங்கே புத்தகத்தைத் திருப்பித் தர வேண்டும்.) மிக நல்ல சரக்கு, ஆகவே எல்லாரும் பயன்படுத்தினார்கள். க்வாவாவோ பழைய மெத்தடுகளை அவ்வப்போது எடுத்துவிட்டு முன்னே போய்க்கொண்டே இருந்தது. ஹடூப்பின் 2-ஆம் வரிசை பல வருடம் க்வாவா 11-லேயே நின்றது. ஹடூப்பின் மேல் ஓடும் புரோகிராமுக்குப் புதிய க்வாவா தேவைப்பட்டால் மோதல்தான். கடைசியில் பலர் செய்தது, க்வாவாவைப் பிரதி எடுத்து, பேக்கேஜ் பெயரையே மாற்றி, தங்கள் ஜாருக்குள் புதைத்துவிடுவது. 'ஷேடிங்' என்று கௌரவமான பெயர். கூட்டுக்குடும்பத்துக்குள்ளேயே ஒரு பூட்டிய அறை. இந்தப் புதையல் பிறகு எப்படிக் கிளம்பியது என்பதைச் சொல்கிறேன்.

வெர்ஷன் எண்ணை வைத்தே ஆபத்தைச் சொல்லிவிடலாம் என்றும் ஒரு முயற்சி நடந்தது. முதல் எண் மாறினால் பழையது உடையும், இரண்டாவது மாறினால் புதுச் சங்கதி சேர்ந்திருக்கிறது, மூன்றாவது மாறினால் வெறும் பிழைத்திருத்தம். நல்ல ஒப்பந்தம்தான். ஆனால் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் சிலர் மேவன் கிடங்கில் இருந்த ஜார்களையே ஒப்பிட்டுப் பார்த்து 2014-இல் வெளியிட்ட முடிவு, ஏறக்குறைய மூன்றில் ஒரு வெளியீட்டில் பழையதை உடைக்கும் மாற்றம் ஏதாவது ஒன்று இருந்தது என்பது. சின்ன எண் மாறியவற்றிலும் அதே கதை. பொய் சொல்ல வேண்டும் என்று யாரும் நினைப்பதில்லை. எது யாருக்கு உடையும் என்று எழுதியவனுக்கே தெரிவதில்லை.

இத்தனைக்கும் ஜாவா மொழிக்குள் மாட்யூல் என்ற ஒரு பொருளே கிடையாது. அதைக் கொண்டுவர சன் கம்பெனி 2008 டிசம்பரில் 'ஜிக்சா' திட்டத்தை அறிவித்தது. ஜாவா 7-இல் வரும் என்றார்கள், வரவில்லை. நடுவே 2010-இல் சன்னையே ஆரக்கிள் வாங்கிவிட்டது. ஜாவா 8-இல் என்றார்கள், அதிலும் இல்லை. ஜாவா 9-க்குத் தயாரானபோது, 2017 மே மாதம் செயற்குழு வாக்கெடுப்பில் 13-க்கு 10 என்று தோற்றது! ஐபிஎம், ரெட் ஹேட் எல்லாம் எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். மேவன், ஓஎஸ்ஜிஐ என்று பழகிய கோடிக்கணக்கான வரிகள் என்ன ஆகும் என்பதுதான் கவலை. ஆறேழு வாரம் உட்கார்ந்து பேசித் திருத்தி, ஜூன் கடைசியில் மறு வாக்கெடுப்பு: ஆதரவு 24, எதிர்ப்பு பூஜ்யம், ரெட் ஹேட் மட்டும் ஓட்டுப் போடவில்லை. 2017 செப்டம்பர் 21-ஆம் தேதி ஜாவா 9 வெளிவந்தது. அறிவித்ததிலிருந்து ஒன்பது வருடம் ஆகப்போகிற நேரம்.

ஒன்பது வருடம் கழித்து வந்த மாட்யூலில் வெர்ஷன் உண்டா? இல்லை. எனக்கு இன்ன மாட்யூல் வேண்டும் என்று எழுதலாம். இந்த வெர்ஷன் வேண்டும் என்று எழுத முடியாது. இது மறதியில் விட்டதல்ல. வெர்ஷன் தேர்வு எங்கள் வேலை அல்ல, அதை மேவன் போன்ற கருவிகள் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஆரம்பத்திலேயே எழுதி வைத்துவிட்டார்கள். முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தால், அவர்கள் செய்தது நியாயமாகவே படுகிறது. மாட்யூல் இல்லை என்றால் தொடங்கும்போதே சொல்லும், ஒரே பேக்கேஜ் இரண்டு மாட்யூலில் இருந்தால் ஓடவே மறுக்கும், உள்ளே ஒளித்து வைத்ததை வெளியார் தொட முடியாது. பார்னஸ் 1972-இல் கேட்ட வரம் ஜாவாவுக்கு 2017-இல் கிடைத்தது. இருந்தாலும் இன்றைக்கும் ஏராளமான அப்ளிகேஷன்கள் அதே பழைய க்ளாஸ்பாத்தில்தான் ஓடுகின்றன. "ஓடுதுல்ல, விடு."

இந்தத் தத்துவம் எவ்வளவு விலை கேட்கும் என்பதற்கு இரண்டு சம்பவங்கள். ஸ்ட்ரட்ஸ் என்ற ஜாவா சரக்கில் இருந்த ஓட்டைக்கு 2017 மார்ச் 7-ஆம் தேதியே மருந்து வந்துவிட்டது. அமெரிக்காவின் ஈக்விஃபாக்ஸ் நிறுவனத்தில் ஒரு சர்வரில் அது போடப்படவில்லை. மே மாதம் திருடர்கள் நுழைந்தார்கள். ஜூலைக் கடைசி வரை உள்ளேயே இருந்தார்கள். ஏறத்தாழ 14.7 கோடிப் பேரின் விவரம் போயிற்று. மருந்து இருந்தது. எந்த வீட்டில் நோயாளி இருக்கிறார் என்ற கணக்குத்தான் இல்லை.

இரண்டாவது நானே விழித்திருந்து பார்த்தது. 2021 டிசம்பர் 9, 10 தேதிகளில் லாக்4ஜே விவகாரம் வெடித்தது. புரோகிராம் நாட்குறிப்பு எழுத உதவும் சாதாரண லைப்ரரி, சில தன்னார்வலர்கள் ஓய்வு நேரத்தில் பராமரித்து வந்தது. 2013-இல் அதில் சேர்த்த ஒரு வசதியால், நாட்குறிப்பில் ஒரு குறிப்பிட்ட வடிவில் ஒரு வரி விழுந்தால் போதும், வெளியிலிருந்து கோடை இறக்கி ஓட்டிவிடும். மைன்கிராஃப்ட் விளையாட்டின் அரட்டைப் பெட்டியில் ஒரு வரி தட்டியே சர்வரைப் பிடித்துக் காட்டினார்கள். ஆபத்து மதிப்பெண் பத்துக்குப் பத்து. நம் கல்லூரியில் யாரும் வாங்காத மார்க்.

அப்போது நான் வேறு கம்பெனிக்கு மாறியிருந்தேன். அங்கே கேள்வி, அப்டேட் எப்படிச் செய்வது என்பதே அல்ல. அது எங்கே எங்கே இருக்கிறது? எங்கள் பட்டியலில் லாக்4ஜே என்ற பெயரே மிகச் சில இடத்தில்தான் இருந்தது. ஆனால் நாங்கள் கேட்டவை கேட்டவற்றின் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தது. மேவன் கிடங்கிலேயே 35,000-க்கும் அதிகமான பேக்கேஜ்கள் பாதிக்கப்பட்டவை என்றும், அவற்றில் பெரும்பாலானவற்றில் அது நேரடியாக இல்லாமல் பல தலைமுறை தள்ளி இருந்தது என்றும் கூகுள் அப்போது கணக்கிட்டது. ஷேடிங் செய்து புதைத்தவை தனி. பெயர் மாற்றி, ஜாருக்குள் ஜாராகக் கிடந்தவற்றைத் தேட மூன்று ராத்திரி ஆயிற்று. 2.15.0 போட்டு முடிப்பதற்குள் 2.16.0 வந்தது. அதைப் போடுவதற்குள் 2.17.0. டிசம்பர் 28-இல் 2.17.1. என் மனைவி, "இந்த லாக் என்னிக்குத்தான் திறக்கும்?" என்று கேட்டாள்.

நடுவில் ஒரு மாலை, பழைய கம்பெனி அக்காவுக்குப் போன் போட்டேன். என்னைப் போலவே கண் சிவந்து இருப்பார் என்று நினைத்தேன். "எங்களுக்கு அரை நாள்லயே முடிஞ்சுதுப்பா" என்றார். 2015-இல் என் வரிக் கூத்துக்குப் பிறகு அவர் ஒரு நோட்டுப் போட்டிருந்தார். எந்த ஜார், எந்த வெர்ஷன், எந்த வாடிக்கையாளரிடம், யார் யார் அதைக் கூப்பிடுகிறார்கள். ஆரம்பத்தில் நிஜமாகவே நாற்பது பக்க நோட்டு, பிறகு எக்ஸெல். அப்போது நாங்கள் அதைக் 'குலவரலாறு' என்று கிண்டல் செய்வோம். "பாதி சிஸ்டத்துல இன்னும் லாக்4ஜே 1 தான் இருக்கு. இந்த ஓட்டை அதுல இல்ல. சோம்பேறித்தனம் காப்பாத்திருச்சு" என்று சிரித்தார். 1-ஆம் வரிசைக்கு 2015 ஆகஸ்ட்டோடு மருந்து தருவது நின்றுவிட்டது, அதற்கு வேறு ஓட்டைகள் உண்டு. அதையும் அவரே சொல்லிவிட்டு, அடுத்த மாதம் மாற்றப்போகும் தேதியையும் சொன்னார். நோட்டில் இருந்ததாம்.

அக்காவின் நோட்டுக்கு இப்போது சர்க்கார் அந்தஸ்து வந்துவிட்டது. ஒரு மென்பொருளில் என்னென்ன பாகம், என்ன வெர்ஷன் என்று சரக்குப் பட்டியல் தர வேண்டும் என்ற பேச்சு 2021 மே மாதத்து அமெரிக்க அரசாணையில் அழுத்தம் பெற்றது. நம் நாட்டிலும் செர்ட்-இன் அமைப்பு 2024 அக்டோபரில் இதற்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. பட்டியலைக் கையால் எழுத வேண்டியதில்லை, கம்பைல் செய்யும்போதே தயாரித்துத் தரும் கருவிகள் இருக்கின்றன. இறுதியாண்டு மாணவர்கள் புராஜெக்ட் ரிப்போர்ட்டில் பின்னிணைப்பாக அதைச் சேர்த்துப் பாருங்கள். நீங்கள் எழுதியது எத்தனை வரி, பஸ்ஸில் வந்தவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தால், வைவாவில் கேட்கப் போகும் கேள்விகளுக்குக் கொஞ்சம் பயமும் வரும்.

என் வரி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 2015 ஜூன் 3 மாலையே லெட்ஜரை மறுபடி கம்பைல் செய்து ஏற்றினேன். கணக்காளரிடம் மன்னிப்புக் கேட்டேன், இரண்டு நாள் கணக்கை அவரோடு உட்கார்ந்து சரி செய்தேன். விகிதத்தை டேட்டாபேஸுக்கு மாற்றி, கேட்டால் சொல்லும் மெத்தடாக எழுதினோம். ஆகவே அதே நவம்பரில் 14.5, அடுத்த வருடம் ஜூனில் 15 என்று ஏறியபோது ஒன்றும் ஆகவில்லை. 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்து, சேவை வரியே போய்விட்டது.

போன வருடம் அக்காவைப் பார்த்தபோது விசாரித்தேன். 14 என்ற அந்தப் பழைய எண் காமன் ஜாரில் இன்னும் அப்படியே இருக்கிறதாம். நோட்டுப்படி அதை யாரும் பயன்படுத்தவில்லை. "அப்போ எடுத்துடலாமே அக்கா?" என்றேன்.

"நீ வந்து எடு" என்றார்.